கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?

நெல்லிக்குப்பம்காரன்:
வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 61. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரஷர் மாத்திரை உண்டு. ஒரு அட்டை தீர்ந்தால் அடுத்ததை வாங்கப் பத்து நாள் ஆகும், அப்படி ஒரு அலட்சியம். போன மாசியில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு நான் போய்ப் பார்க்கும்போது கட்டில் ஓரமாகச் சரிந்து கிடந்தார். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது, வலது கை தொங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தா புறா ரத்தம் தடவச் சொன்னார். அந்தப் பேச்சில் இருபது நிமிடம் போனது. தெருமுனை கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றி, மயக்கம்தான், தெளிந்துவிடும் என்றார்கள். அங்கே முக்கால் மணி நேரம். அப்புறம்தான் 108. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 7.20.

சின்ன வயது டாக்டர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?” ஐந்தரை என்றேன். “அது நீங்க பார்த்த நேரம் சார். அதுக்கு முன்னாடி நல்லா இருந்தப்போ யார் பார்த்தீங்க?” ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார் என்றேன். பத்து என்று எழுதிக்கொண்டார். ஒன்பது மணி நேரம் தாண்டிவிட்டதால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மதியம் வராந்தாவில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “நாலரைக்கு எழுந்து மோட்டார் போட்டாரேப்பா. டேங்க் ரொம்பினதும் அவரேதான் போய் நிறுத்தினாரு.”

அந்த ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். காலை நாலரையிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது மணி வரை நேரம் இருந்திருக்கிறது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் வெளியே பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவசரப் பிரிவு நர்ஸ், புதுச்சேரி:
தம்பி, உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் தாங்கள் பார்த்த நேரத்தைத்தான் சொல்வார்கள். அந்த ஊசிக்குப் பலன் உண்டு என்று 1995-ல் தெரிந்தபோது கெடு மூன்று மணி நேரம். 2008-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு நாலரை ஆனது. அதற்கு மேல் போனால் பலன் குறைந்து, மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்துதான் மிஞ்சும். அதனால்தான் தூக்கத்தில் வந்தால் படுத்த நேரத்திலிருந்து கணக்கு. எம்.ஆர்.ஐ. பார்த்து நேரத்தைக் கணிக்கிற முறை 2018-க்கு அப்புறம் வந்திருக்கிறது. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கலாம், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட. ஆனால் எல்லா ஊரிலும் எல்லா நேரமும் அது கிடைப்பதில்லை. ஒரு நிமிட தாமதத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் போகும் என்று ஒரு கணக்கு உண்டு.

நான் பார்த்த ஒன்று. அரியாங்குப்பம் பக்கமிருந்து ஒரு பெரியவரை ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று தூக்கி வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 38, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, என் செருப்பு எங்கே என்றார்! அதனால் எங்களுக்கு முதலில் சுகர், உடனே சி.டி. ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மாரடைப்புக்குக் கொடுக்கிற மாதிரி வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள், கசிவாக இருந்தால் விபரீதம். தெம்புக்கு என்று காபி, தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் தசை வேலை செய்யாதபோது அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். பக்கவாதத்தில் தப்பி நிமோனியாவில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாகூர் பொண்ணு:
பக்கவாதம் என்றால் வயசானவர்களுக்குத்தான் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு வந்தபோது வயது 24. பிள்ளை பெற்று எட்டாம் நாள்.

பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று அத்தை ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் கொடுத்தார், அதுவும் சுடவைத்து. பங்குனி வெயில் வேறு. ஐந்தாம் நாளிலிருந்து தலை பிளக்கிற வலி. கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எட்டாம் நாள் வலிப்பு வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. மூளையிலிருந்து ரத்தம் திரும்புகிற சிரைப் பக்கம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார்கள். பிரசவம் ஆன உடம்பில் ரத்தம் சுலபமாக உறையுமாம், தண்ணீரும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு விசித்திரமாக இருந்தது எது தெரியுமா? ஸ்கேனில் கொஞ்சம் ரத்தக்கசிவும் இருந்தது, ஆனாலும் உறையாமல் இருக்க ஹெப்பாரின்தான் போட்டார்கள். சிரை அடைப்புக்கு அதுதான் வைத்தியமாம். பல மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது அந்தக் கையால்தான் பையனுக்குத் தலை சீவுகிறேன்.

அத்தையைக் குறை சொல்லி எழுதவில்லை. அவருக்கு அவர் அத்தை கொடுத்ததும் இரண்டு டம்ளர்தான்.

திருப்பாதிரிப்புலியூர் – அட்லாண்டா:
நான் இருக்கும் ஜார்ஜியா, பக்கத்து கரோலினாக்கள், அலபாமா எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பக்கவாதப் பட்டை என்றே பெயர். கறுப்பின மக்களுக்கு முதல் பக்கவாதம் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரத்தக்கொதிப்பு அதிகம், மருத்துவ வசதி குறைவு, அதெல்லாம் சேர்ந்துதான். கிழக்காசியாவில் இங்கே இருப்பதைவிட ரத்தக்கசிவின் பங்கு கூடுதல். ஜப்பானில் அகிதா பகுதியில் 1950-களில் ஒரு ஆள் நாளைக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டிருக்கிறார். அளவு 5 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பைக் குறைத்து, பிரஷரைக் கட்டுப்படுத்திய பிறகு அங்கே பக்கவாதச் சாவு வெகுவாக இறங்கியது. 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்விலும் காரணங்களில் முதலிடம் ரத்தக்கொதிப்புக்குத்தான். ஊருக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய் இல்லாமல் எனக்கும் சோறு இறங்காது, அது வேறு விஷயம்.

கடலூர் ஓ.டி.:
கருவாடு என்றதும் கை பரபரத்தது, எங்கள் தொழிலே அதுதான். சித்தப்பாவுக்கு 47 வயது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கிற அம்மா வீடு தேடி வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். “எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே” என்று அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, சனிக்கிழமையானால் பாண்டிக்கு பஸ் ஏறிக் குடிப்பார். விழுந்த அன்று பிரஷர் 230/130. அரை மணி நேரத்தில் கொண்டு சேர்த்தோம். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு. கசிவுக்கு அந்த ஊசி கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். காரியம் முடிந்து அலமாரியைத் திறந்தால் பதினோரு அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

அவசரப் பிரிவு நர்ஸ், புதுச்சேரி:
நெல்லிக்குப்பம் தம்பி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? பிசியோ விடாமல் செய்கிறீர்களா? முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் தேறும். தூக்கி உட்காரவைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும்.

நெல்லிக்குப்பம்காரன்:
நடக்கிறார் அக்கா, காலை இழுத்துத்தான். பேச்சு கொஞ்சம் வருகிறது. அம்மா பெயரைச் சொல்லப் போய் என் பெயரைச் சொல்கிறார், பிறகு அவருக்கே கோபம். தோள் விஷயம் தெரியாமல் ஒரு மாதம் கையைப் பிடித்துத்தான் தூக்கினோம், வலி இருக்கிறது. நாளை பிசியோவில் கேட்கிறேன். மோட்டார் சுவிட்சை இப்போதும் அவர்தான் போடுகிறார், இடது கையால்.