சாட்ஃபைண்டர் முள்ளு ஃபுல்லா ஏறுது, ஆனா ஃப்ரீ டிஷ்ல ஒரு சேனலும் வரல

உசிலை_செல்வம்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு உசிலம்பட்டி பக்கம், வீட்டுல அப்பா அம்மா மட்டும்தான். மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற வேலையே வேணாம்னு டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸும் 60 செ.மீ டிஷ்ஷும் வாங்கி மொட்டை மாடில பைப்பு நட்டு மாட்டிட்டேன், அப்பாவுக்கு டிடி தமிழ் வந்தா போதும். டிஷ் திருப்ப ஆள் கூப்பிட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்குறாங்க, அதனால டிஷ் சாட்டிலைட்ட பாக்குதான்னு காட்டுற, முள்ளு வச்ச சின்ன சாட்ஃபைண்டர் மீட்டர் ஒண்ணு வாங்கிட்டேன். எல்என்பில (டிஷ் முன்னாடி கம்பி நுனில சிக்னல புடிக்கிற சின்ன கருவி) இருந்து வர்ற கேபிள் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பாக்ஸுக்கு போற கேபிள், கனெக்சன் சரியாத்தான் இருக்கு. தென்கிழக்க பாத்து கொஞ்சம் ஆட்டுனாலே கீய்ய்னு கத்துது, முள்ளு கடைசில போயி ஒட்டிக்குது. கீழ போயி டிவில பாத்தா ஸ்ட்ரென்த் 80க்கு மேல காட்டுது குவாலிட்டி சைபர், எப்பவாச்சும் 20 வந்துட்டு உடனே போயிருது. மீட்டர் கோளாறா இல்ல எல்என்பி போயிருச்சா? டிஜிட்டல் மீட்டர்தான் வாங்கணுமா, வெல ஜாஸ்தியா இருக்கே

டிஷ்_பாண்டி:
தம்பி மீட்டரும் நல்லாருக்கு எல்என்பியும் நல்லாருக்கு. அந்த முள்ளு மீட்டருக்கு எது எந்த சாட்டிலைட்டுன்னே தெரியாது, அதான் விசயம். எல்என்பில இருந்து கேபிள் வழியா 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் என்னென்ன வருதோ அத்தனையும் மொத்தமா கூட்டி முள்ள ஏத்தும், அவ்வளவுதான் அதுக்கு தெரிஞ்சது. ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 சாட்டிலைட் நிக்கிறது கெழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரில. அதுக்கு ஒரு பக்கம் 95ல டிஷ் டிவி, இன்னொரு பக்கம் 91.5ல சன் டைரக்ட், கொஞ்சம் தள்ளி 88ல டி2எச், எல்லாமே நம்ம ஊருக்கு பலமா அடிக்கிற சிக்னல். 60 செ.மீ டிஷ்ஷோட பார்வை அகலமே கிட்டத்தட்ட 3 டிகிரி இருக்கும், அப்ப நீங்க 95ஐ பாத்து வச்சாலும் கத்தும் 91.5ஐ பாத்து வச்சாலும் கத்தும். முள்ளு எங்க ஒசரமா நிக்குதோ அங்கதான் 93.5ன்னு நம்பி நட்ட முறுக்கிட்டீங்கன்னா நாள் பூரா குவாலிட்டி வராது.

மொதல்ல மீட்டர்ல இருக்குற அந்த திருகுற குமிழ கொறைங்க. காலி வானத்த பாக்குறப்ப முள்ளு 3 கிட்ட நிக்கணும், அதுக்கு மேல ஏறினா மறுபடி கொறைங்க, கடைசில ஒட்டிக்கிட்ட முள்ளு உங்களுக்கு எதையும் சொல்லாது. கத்தல் கேட்டா "இங்கன ஏதோ ஒரு சாட்டிலைட் இருக்கு"ன்னு மட்டும் எடுத்துக்குங்க. அதுக்கப்பறம் பாக்ஸ்ல ஃப்ரீக்வன்சி 11090, போலரைசேசன் வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 போட்டு, எல்என்பி டைப் யுனிவர்சல் 9750/10600ன்னு வச்சுட்டு, டிவிய மாடிக்கு தூக்கிட்டு வாங்க, இல்லாட்டி யாரையாவது டிவி முன்னாடி ஒக்கார வச்சு போன்ல குவாலிட்டி நம்பர மட்டும் சொல்ல சொல்லுங்க. ஸ்ட்ரென்த்த பாக்கவே வேணாம், கேபிள் மாட்டி எல்என்பிக்கு கரண்ட் போனாலே அது ஏறி நிக்கும்.

டிஜிட்டல் மீட்டர் ஒரு வீட்டுக்காக வாங்க வேணாம். தொழில் பண்றவங்களுக்கு அது கண்டிப்பா வேணும், ஃப்ரீக்வன்சி போட்டா அந்த சாட்டிலைட் லாக் ஆச்சா இல்லையான்னு அங்கயே சொல்லிரும், சிக்னல் எவ்வளவு சுத்தமா வருதுன்னு சொல்ற எம்இஆர் நம்பரும் காட்டும். வாடகைக்கோ இரவலுக்கோ கெடச்சா எடுங்க. பழைய மாடலா இருந்தா பழைய ஒளிபரப்பு முறையான டிவிபி-எஸ் மட்டும்தான் லாக் ஆகும், புதுசான எஸ்2 ஆகாது, அத மட்டும் கேட்டுக்குங்க

வான்_நோக்கி_கோவை:
பாண்டி அண்ணே சொன்னதோட ஒண்ணு சேக்குறேன், நம்ம ஊர்ல இத யாரும் சொல்றதில்ல. உசிலம்பட்டில இருந்து கணக்கு போட்டா 93.5க்கு திசை 122 டிகிரி, அதாவது தென்கிழக்குல இருந்தும் கெழக்கு பக்கமா நல்லா தள்ளி. தரைமட்டத்துல இருந்து ஒசரம் 68 டிகிரி. சாட்டிலைட் அவ்வளவு ஒசரத்துல நிக்கிறதால டிஷ்ஷ பக்கவாட்டுல 1 டிகிரி திருப்புனா வானத்துல அரை டிகிரி கூட நகராது, ஆனா மேல கீழ 1 டிகிரி அசைச்சா முழுசா 1 டிகிரி போயிரும். எல்லாரும் பைப்ப கட்டிப்பிடிச்சுக்கிட்டு டிஷ்ஷ சுத்திக்கிட்டே இருப்பாங்க, உண்மையான வேலை இருக்கறது பின்னாடி இருக்குற, டிஷ்ஷ மேல கீழ சாய்க்கிற எலிவேசன் போல்ட்டுல. உங்க ஊர்ல இருந்து 95க்கும் 93.5க்கும் ஒசரத்துல மட்டும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் வருது, 91.5 அதே மாதிரி 2 டிகிரி கிட்ட மேல. அதனால டிஷ் மூஞ்சிய மேல தூக்குனா டிகிரி நம்பர் கொறஞ்ச சாட்டிலைட் (91.5) பக்கம் போகும், கீழ எறக்கி கெழக்க திருப்புனா நம்பர் கூடுன சாட்டிலைட் (95) பக்கம் போகும்.

இன்னொண்ணு, ஆஃப்செட் டிஷ் பாக்குறதுக்கு ஏமாத்தும். எல்என்பி கீழ தள்ளி இருக்கறதால டிஷ் முகம் 43, 44 டிகிரி சாஞ்ச மாதிரிதான் தெரியும், அத பாத்து பத்தலன்னு இன்னும் மேல தூக்கிராதீங்க. பிராக்கெட்ல இருக்குற அளவுகோல நம்பி 68ல வைங்க, ஆனா அந்த அளவுகோல் சரியா இருக்கணும்னா பைப்பு செங்குத்தா நிக்கணும், கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி ரெண்டு பக்கமும் வச்சு பாருங்க. போன் காம்பஸ பைப்பு பக்கத்துல வச்சு பாக்காதீங்க, இரும்பு இழுத்துரும், நாலஞ்சு அடி தள்ளி நின்னு பாருங்க

தேனி_ராஜி:
எல்என்பியையும் திருகி பாத்தீங்களா? சாட்டிலைட் நேர் தெக்குல இருந்தா எல்என்பி நேரா நிக்கலாம், இது கெழக்க தள்ளி நிக்கிறதால எல்என்பிய ஹோல்டர்ல நல்லாவே சாய்க்கணும், 50 டிகிரிக்கு மேலயே வரும். ஹோல்டர் ஸ்குரூவ லேசா தளத்தி ரெண்டு பக்கமும் மெல்ல மெல்ல திருப்பி குவாலிட்டி எங்க கூடுதோ அங்க விடுங்க. முள்ளு மீட்டர்ல இது தெரியவே தெரியாது. கேபிள் கழட்டி மாட்டும்போது மட்டும் பாக்ஸ் பிளக்க புடுங்கிட்டு செய்ங்க ப்ளீஸ், நடு கம்பில சுத்தி இருக்குற வலை பட்டுச்சுன்னா ஷார்ட் ஆகி பாக்ஸ்ல எல்என்பி சப்ளையே போயிரும்

உசிலை_செல்வம்:
அண்ணே வந்துருச்சு!! பைப்பு சாஞ்சுதான் இருந்துச்சு, நிமித்திட்டு 68ல வச்சு எலிவேசன் போல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா எறக்குனதும் குவாலிட்டி 40, எல்என்பிய திருகுனதும் 70 தாண்டிருச்சு, டிடி தமிழ் சூப்பரா ஓடுது, அப்பா சேர தூக்கிட்டு வந்து ஒக்காந்துட்டாரு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆனா நேத்து காலைல பதினோரு மணி வாக்குல வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, காத்து கூட இல்ல, திடீர்னு சிக்னல் போயி கொஞ்ச நேரத்துல தானா வந்துச்சு, இன்னைக்கும் அதே நேரத்துக்கு போச்சு. டிஷ் நகந்துருச்சா, மறுபடி மீட்டர் போடவா?

வான்_நோக்கி_கோவை:
டிஷ்ஷ தொடாதீங்க. செப்டம்பர் கடைசிலயும் மார்ச் நடுவுலயும் அந்த நேரத்துக்கு சூரியன் சரியா சாட்டிலைட்டுக்கு பின்னாடி வந்து நிக்கும், சூரியனோட இரைச்சல் சிக்னல அமுக்கிரும். சில நாளைக்கு அதே நேரத்துல சில நிமிசம் போயி வரும், அப்பறம் தானா நின்னுரும். உங்களுக்கு நல்ல சேதிதான், டிஷ் சரியான எடத்த பாக்குதுன்னு அர்த்தம்

டிஷ்_பாண்டி:
ஆமா அதேதான். ஆனா இன்னும் நட்டு முழுசா இறுக்கலன்னா ஒண்ண மட்டும் ஒரேயடியா இறுக்காதீங்க, டிஷ் ஒரு பக்கமா இழுத்துக்கும். குவாலிட்டிய பாத்துக்கிட்டே இந்த பக்கம் கொஞ்சம் அந்த பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி முறுக்குங்க. அந்த முள்ளு மீட்டர கேபிள் நடுவுலயே விட்டுராம கழட்டிருங்க, ஐப்பசி மழை வர்றதுக்குள்ள எல்என்பி கனெக்டர் மேல நல்ல டேப் சுத்திருங்க, தண்ணி எறங்குச்சுன்னா கேபிளே மாத்தணும்