பழைய ஏ50-க்கு விடை: பிக்சல் 9ஏ-வா, கேலக்ஸி ஏ56-ஆ?

மேலவீதி:
வீட்டில் இருப்பது 2019 மாடல் கேலக்ஸி ஏ50. ஆண்ட்ராய்டு 11-ஓடு அப்டேட் நின்றுபோச்சு. 64 ஜிபி நிரம்பி வழிகிறது, மிச்சமெல்லாம் மெமரி கார்டில். அலசி அலசி இரண்டில் வந்து நிற்கிறது: பிக்சல் 9ஏ 256 ஜிபி (அறிமுக விலை 49,999), கேலக்ஸி ஏ56 8/256 (அறிமுக விலை 44,999). குறைந்தது ஐந்து வருடம் ஓட வேண்டும். இரண்டு சிம் கட்டாயம். ஒன்று ஏர்டெல், இன்னொன்று வங்கிக் கணக்குகள் எல்லாம் இணைந்திருக்கிற பிஎஸ்என்எல். போட்டோ நன்றாக வர வேண்டும், கேம் கிடையாது. மூன்றாவதாக ஒரு மாடலைச் சொல்லிக் குழப்பாதீர்கள், புண்ணியமாப் போகும்.

நிழற்பெட்டி:
போட்டோ என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? பிக்சல் 9ஏ. ஏ56-இல் 50 மெகாபிக்சல் மெயின், 12 அல்ட்ராவைடு, அப்புறம் எண்ணிக்கைக்கு ஒரு 5 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுக்க). பிக்சலில் 48-ம் 13-ம்தான். ஆனால் மேக்ரோவை மெயின் கேமராவே எடுத்துவிடும், அதனால் பூவின் மகரந்தம்வரை விவரம் நிற்கும். வித்தியாசம் வெளிச்சம் குறையும்போது தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தையை எடுத்துப் பாருங்கள். ஏ56 ஷட்டரை மெதுவாக்கும், கை கால் எல்லாம் இழுபட்டிருக்கும். பிக்சல் பல பிரேம்களைச் சேர்த்து முகத்தைக் கூர்மையாக நிறுத்தும். வீடியோவும் பிக்சலில் 4கே 60 பிரேம், ஏ56-இல் 4கே 30-ஓடு சரி.

அப்டேட் பிக்சலுக்கு ஏழு வருடம், அதாவது 2032 வரை. ஏ56-க்கு ஆறு. ஐந்து வருடம் கேட்டவருக்கு இரண்டுமே போதும் என்பதால் அதை நான் பெரிதாகப் பேசவில்லை.

சால்டர்கம்பி:
கேமரா சொன்னீங்க, சரி. பேட்டரியை ஏன் விட்டுட்டீங்க? 9ஏ-ல "பேட்டரி ஹெல்த் அசிஸ்டன்ஸ்"னு ஒண்ணு இருக்கு. 200 சார்ஜ் சைக்கிள் தாண்டினதும் பேட்டரியோட உச்ச வோல்ட்டேஜை கூகுளே படிப்படியா குறைக்க ஆரம்பிக்கும், 1000 சைக்கிள் வரைக்கும். சார்ஜ் ஏறும் வேகமும் அதோட மாறும். 9ஏ-ல இதை அணைக்க வழியே கிடையாது. பழைய பிக்சல்கள்ல வேணும்னா வெச்சுக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். இதுல அந்த உரிமையும் இல்ல.

ஏன் இப்படின்னு யோசிங்க. 2025 ஜனவரில பிக்சல் 4ஏ-க்கு ஒரு அப்டேட் வந்து பேட்டரியைச் சுருக்குச்சு. அதே வருஷம் 7ஏ-ல சில பேட்டரி ஊதுதுன்னு இலவசமா மாத்தித் தர வேண்டியதாச்சு. ஜூலைல 6ஏ, 400 சைக்கிள் தாண்டின போன்களுக்குக் கட்டாயக் குறைப்பு. சூடு கண்ட பூனை இப்ப வாங்குற நாள்லயே கடிவாளம் போட்டுத் தருது. 5100 எம்ஏஎச்னு காசு வாங்கிட்டு நாலாவது வருஷம் எவ்வளவு கையில இருக்கும்?

நிழற்பெட்டி:
கடிவாளம் இல்லாத பேட்டரி மட்டும் தேயாமலா இருக்கும்? லித்தியம் செல்லை உச்ச வோல்ட்டேஜில் நிறுத்தி வைக்க வைக்க உள்ளே வாயு சேரும், ஊதும். வோல்ட்டேஜைக் கொஞ்சம் இறக்கினால் அந்த அழுத்தம் குறையும். கூகுள் வெளிப்படையாகச் சொல்லிச் செய்கிறது, அதற்காகவா அடி? 9ஏ-வில் சைக்கிள் எண்ணிக்கையும் பேட்டரி ஆரோக்கியமும் செட்டிங்ஸிலேயே தெரியும். அதோடு 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை ஆன் செய்துவிட்டால் அந்த 200 சைக்கிளே தள்ளிப் போகும்.

வாட்வோல்ட்:
கடைசி வரி தவறு, திருத்திக்கொள்ளுங்கள். சைக்கிள் என்பது எத்தனை முறை செருகினோம் என்ற கணக்கு அல்ல, மொத்தம் எவ்வளவு ஓடியது என்ற கணக்கு. 30-லிருந்து 80 வரை இரண்டு முறை ஏற்றினால் 50-ம் 50-ம் நூறு, அது ஒரு சைக்கிள். 80-இல் நிறுத்தினாலும் தினசரி செலவு அதேதான், எண்ணிக்கையும் அதே வேகத்தில் ஏறும். 80 சதவீத வரம்பு செல்லைக் காப்பாற்றும், அது உண்மை. கூகுளின் அட்டவணையைத் தள்ளிப்போடாது.

சாதாரண உபயோகம் ஒரு நாளைக்கு 0.7 சைக்கிள் என்று வையுங்கள். 200 சைக்கிள் ஒன்பதரை மாதத்தில் வந்துவிடும். 1000-ஐ எட்ட ஏறத்தாழ நான்கு வருடம். ஆக ஐந்து வருடத் திட்டம் என்றால் நடுவில் ஒரு பேட்டரி மாற்றச் செலவை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இது ஏ56-க்கும் பொருந்தும், சால்டர்கம்பி சார் அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். ஏ56-இல் பேட்டரி புரொடெக்‌ஷனை 80, 85, 90, 95 என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் அவ்வளவுதான்.

சார்ஜர் இரண்டிலும் பெட்டியில் வராது. ஏ50-ஓடு வந்த 15 வாட் சார்ஜர் 9 வோல்ட், 1.67 ஆம்பியர். அது சாம்சங்கின் சொந்த முறை. ஏ56-இல் போட்டால் அந்த 15 வாட் கிடைக்கும். பிக்சலுக்கு அந்த மொழியே தெரியாது, 5 வோல்ட்டுக்கு இறங்கி அதிகபட்சம் 10 வாட்டில் ஊரும். ஏ56-இன் முழு 45 வாட் வேண்டுமானால் பிபிஎஸ் (போன் கேட்கும் வோல்ட்டேஜைச் சிறு சிறு படியாகத் தரும் முறை) உள்ள டைப்-சி சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். கடையில் "65 வாட் பிடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் (பிடி என்பது டைப்-சியின் பொதுவான வேக சார்ஜ் முறை). பின்பக்கப் பொடி எழுத்தில் பிபிஎஸ் என்ற வரியே இல்லையென்றால் 65 வாட்டும் வீண், சாம்சங் மெதுவான வேகத்துக்குப் போய்விடும். 9ஏ எப்படியும் 23 வாட்டுக்கு மேல் வாங்காது. ஆனால் அதில் வயர்லெஸ் சார்ஜிங் உண்டு (7.5 வாட்), ஏ56-இல் இல்லை.

குழப்பவாதி:
இந்த விலைக்கு ஒன்பிளஸ் பார்க்கலாமே?

மேலவீதி:
ஐயா சாமி.

இரட்டைசிம்:
எல்லோரும் கேமரா, பேட்டரி என்று போகிறீர்கள், கேட்டவர் இரண்டு சிம் கட்டாயம் என்றார். பிக்சல் 9ஏ-வில் ஒரு நானோ சிம் மட்டுமே, மற்றது இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்). ஏ56-இல் இரண்டு நானோ சிம் போடலாம், இ-சிம்மும் உண்டு. பிக்சல் வாங்கினால் இரண்டில் ஒரு நம்பரை இ-சிம்முக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவது சிரமமில்லை. *#06# அழுத்தினால் 32 இலக்க இஐடி எண்ணும் (இ-சிம்மின் அடையாளம்) 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாளம்) வரும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ஆப் வழியாகவோ எஸ்எம்எஸ் வழியாகவோ விண்ணப்பம். சிக்கல் அதற்கப்புறம். சிம் மாற்றம் எதுவானாலும், இ-சிம்முக்குப் போவதும் அதில் அடக்கம், 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடிக்காரன் சிம்மை மாற்றி ஓடிபி பிடிக்காமலிருக்க வந்த விதி. ஓடிபி வராது, யுபிஐ ஆப்பும் பதிவாகாது, ஏனென்றால் அது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரை உறுதி செய்கிறது. தவணை கட்ட வேண்டிய நாளில் இதைத் தொடங்கிவிடாதீர்கள்.

ஆகவே பிக்சல்தான் என்றால், வங்கி இணைந்த பிஎஸ்என்எல்லைப் பழைய சிம்மாகவே வைத்துக்கொண்டு ஏர்டெல்லை இ-சிம் ஆக்குங்கள். தலைகீழாகச் செய்தால் ஒரு நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொன்று, போன் தண்ணீரில் விழுந்தால் நானோ சிம்மை உருவிப் பழைய ஏ50-இல் போட்டு அழைக்கலாம். ஏ50-இல் இ-சிம் கிடையாது.

சால்டர்கம்பி:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். அதோட சர்வீஸ். டிஸ்பிளே போச்சுன்னா சாம்சங்குக்கு ஜில்லா தலைநகர் எல்லாத்துலயும் ஆள் இருக்கான். பிக்சலுக்குப் பெருநகரம்தான், இல்லாட்டி கூரியர். உங்க ஊர்லேருந்து எவ்வளவு தூரம்னு வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க, உடைஞ்ச பிறகு இல்ல. முன்கண்ணாடியும் கவனிங்க. 9ஏ-ல கொரில்லா கிளாஸ் 3. அது 2013-ல வந்த சரக்கு! ஏ56-ல விக்டஸ் பிளஸ்.

நிழற்பெட்டி:
கண்ணாடி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது கஞ்சத்தனம். ஆனால் 9ஏ-வின் பின்புறம் பிளாஸ்டிக், விழுந்தால் விரியாது. ஏ56-க்குப் பின்னாலும் கண்ணாடி, அதற்கும் ஒரு செலவு. தண்ணீருக்கு 9ஏ ஐபி68, ஏ56 ஐபி67. கையில் பிடிப்பதையும் பாருங்கள். 9ஏ 6.3 இன்ச், 186 கிராம். முதுகில் கேமரா மேடு கிட்டத்தட்ட இல்லை, மேசையில் வைத்து டைப் அடித்தால் ஆடாது. ஏ56 6.7 இன்ச், 198 கிராம், 77.5 மில்லிமீட்டர் அகலம். ஒரு கையில் கட்டைவிரல் மறுமூலைக்கு எட்டாது. சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் முதலில் விழுவது அதுதான்.

அப்புறம் சாம்சங்கில் வாங்கிய நாளே களை எடுக்க வேண்டும். ஆரம்ப செட்டப்பில் ஒரு ஆப் பட்டியல் டிக் போட்டே வரும், டிக்கை எல்லாம் எடுக்காமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது. லாக் ஸ்கிரீனில் செய்தியும் விளம்பரமும் காட்டும் கிளான்ஸ் வந்து உட்கார்ந்தால் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன், வால்பேப்பர் சர்வீசஸ், அதில் "நன்" (None, எதுவும் வேண்டாம்) கொடுக்க வேண்டும். பிக்சலில் இந்த வேலையே இல்லை.

வாட்வோல்ட்:
பிக்சலுக்கு எதிராக ஒன்று பாக்கி. 9ஏ-வில் டென்சர் ஜி4 சிப் இருந்தாலும் மோடம் (டவரோடு பேசும் சிப்) பழைய எக்ஸினோஸ் 5300, பிக்சல் 9-இல் வந்த 5400 அல்ல. சிக்னல் ஒரு கட்டைக்கு இறங்கும் இடங்களில் மோடம் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். போன் சூடாகும், பேட்டரி குடிக்கும். வீட்டுக்குள் சிக்னல் மோசம் என்றால் வைஃபை காலிங்கை ஆன் செய்வதுதான் மருந்து. சிப் வேகத்தில் ஜி4 ஒரு படி மேலே. வாட்ஸப், யூடியூப் அளவுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மேலவீதி:
கால் ரெக்கார்டிங் வேண்டும், அதைச் சொல்ல மறந்தேன். ஏ50-இன் 3.5 ஹெட்போனும் இருக்கிறது, மெமரி கார்டும் இருக்கிறது. அவை என்ன ஆகும்?

இரட்டைசிம்:
சாம்சங்கின் டயலரில் தானாகப் பதிவாகும்படி வைக்கலாம், எதிர்முனைக்கு அறிவிப்புக் குரல் எதுவும் கேட்காது. பிக்சலில் கூகுள் டயலர், பதிவு தொடங்கியதும் இரு பக்கமும் அறிவிப்பு ஒலிக்கும். சொல்லிவிட்டுப் பதிவு செய்வதுதான் முறை என்பது வேறு விஷயம்.

கார்டு இரண்டிலும் போட முடியாது. ஏ55 வரை இருந்த கார்டு இடத்தை ஏ56-இல் எடுத்துவிட்டார்கள். சாம்சங் வாங்கினால் கார்டு போடலாம் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டைப்-சி கார்டு ரீடர் வாங்கி உள்ளே இருப்பதைப் போனுக்கு நகலெடுத்துவிடுங்கள். 3.5 ஜாக்கும் இரண்டிலும் இல்லை. டைப்-சி மாற்றி வாங்கும்போது உள்ளே டேக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றுவது) சிப் உள்ளதாகக் கேளுங்கள். சிப் இல்லாத மலிவு மாற்றியில் எந்தச் சத்தமும் வராது, போன்தான் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

மேலவீதி:
அப்போது ஏ56. இரண்டு சிம்மையும் அப்படியே கழற்றி மாட்டலாம், ரெக்கார்டிங் இருக்கிறது, சர்வீஸ் பக்கத்தில். நிழற்பெட்டி அண்ணன் கோபிக்க வேண்டாம்.

நிழற்பெட்டி:
கோபமில்லை தம்பி. 5,000 ரூபாய் மிச்சம் பிடித்து ஐந்து வருடத்துப் போட்டோவை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். இருட்டில் எடுக்கும்போது நைட் மோடு முடியும்வரை கையை ஆட்டாதீர்கள், 2 எக்ஸுக்கு மேல் ஜூம் போகாதீர்கள். பாதி குறை மறையும்.

இரட்டைசிம்:
சரி, மாற்றும் வரிசை. முதலில் ஏ50-இல் ஸ்மார்ட் ஸ்விட்ச், பழைய போனில் இருப்பதைப் புதியதற்கு மாற்றும் சாம்சங் ஆப். இரண்டு போனையும் ஒரே வைஃபையில் வைத்து, 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜோடு தொடங்குங்கள். வாட்ஸப்பைத் தனியாகச் செய்வதே நல்லது: பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், "டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்", புதியதில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள். கூகுள் பேக்கப்பை நம்பினால் அது உங்கள் 15 ஜிபி இலவச இடத்தைத் தின்னும், போட்டோவுக்கும் ஜிமெயிலுக்கும் அதே 15 தான். செக்யூர் ஃபோல்டரில் (சாம்சங்கின் பூட்டிய தனி இடம்) ஏதாவது வைத்திருந்தால் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக சிம் இரண்டும். பிஎஸ்என்எல் சிம்மைப் போட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் யுபிஐ ஆப்பைப் பதிவு செய்யுங்கள், அந்த சிம்மில் எஸ்எம்எஸ் போகும் அளவுக்கு ரீசார்ஜ் இருக்க வேண்டும். புதுப் போனில் முதல் 24 மணி நேரம் யுபிஐயில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. பெரிய தொகை ஏதாவது இருந்தால் முந்தின நாளே ஏ50-இலிருந்து அனுப்பிவிடுங்கள்.

சால்டர்கம்பி:
டெம்பர் கிளாஸ் ஒட்டின பிறகு விரலைப் பதியுங்க, முன்னாடி இல்ல. திரைக்கு அடியில இருக்குறது ஆப்டிக்கல் சென்சார், நடுவுல கண்ணாடி வந்தா பழைய பதிவு தடுமாறும். அதே கட்டைவிரலை ரெண்டு தடவை பதிஞ்சுக்குங்க. யூவி பசை ஊத்தி ஒட்டுற கிளாஸ் வேண்டாம், பசை ஸ்பீக்கர் ஓட்டைல இறங்கினா குரல் அமுங்கிடும்.

ஏ50-ஐ யாருக்காவது குடுக்குறதா இருந்தா கார்டை எடுத்துடுங்க, செட்டிங்ஸ்ல கூகுள் அக்கவுண்டையும் சாம்சங் அக்கவுண்டையும் நீக்கிட்டு அப்புறம் ரீசெட். நீக்காம ரெக்கவரி மெனுவுலேருந்து ரீசெட் அடிச்சா வாங்கினவன் கையில பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்கும். ஒரு வாரம் அலமாரிலயே கிடக்கட்டும். எந்த ஆப் விட்டுப்போச்சுன்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும்.