ஃபாரோ தீவுகளின் மையக் கட்சி: இரண்டே உறுப்பினர்களுடன் அமைச்சரவையில் இடம்பெற்றது எப்படி?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்):

எங்கள் வாசகசாலையில் சிறு கட்சிகளைப் பற்றிய கலந்துரையாடல் ஒன்றுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சி பெற்றுள்ள ஃபாரோ தீவுகளின் மையக் கட்சியைப் பற்றி அறிந்தேன். கிறிஸ்தவ மரபை வலியுறுத்தி 1992இல் தோன்றிய கட்சி அது. ஏறத்தாழ 54,000 பேர் மட்டுமே வாழும் அத்தீவுகளின் லோக்திங் என்னும் சட்டமன்றத்தில் 33 இடங்கள் உள்ளன. அவற்றில் 2011, 2015, 2019, 2022 ஆகிய தேர்தல்கள் ஒவ்வொன்றிலும் இக்கட்சி பெற்றவை இரண்டே இடங்கள். ஆயினும் 2019இல் அதன் தலைவர் யெனிஸ் அவ் ரானா வெளியுறவும் கல்வியும் சேர்ந்த துறைக்கு அமைச்சரானார். வளராமலும் கரையாமலும் ஒரு கட்சி இத்தனை ஆண்டுகள் நிற்க முடிவது எதனால்? பாலக்காட்டின் எல்லையோரத் தமிழர்களாகிய நமக்கு, எண்ணிக்கையில் சிறியோர் அவையில் இடம்பெறும் வழி எது என்பது வாழ்க்கையைத் தொடும் கேள்வி என்பதால், விரிவான விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1 (மூணாறு ஆசிரியர்):

முதல் காரணம் தேர்தல் முறை. முன்பு ஏழு தொகுதிகளாகப் பிரிந்திருந்த தீவுகள் அனைத்தும், 2008 தேர்தலிலிருந்து ஒரே தொகுதியாகக் கருதப்படுகின்றன. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் பங்கிடப்படுகின்றன. ஆகவே பல தீவுகளில் சிதறிக் கிடக்கும் ஐந்து, ஆறு விழுக்காடு வாக்குகளும் வீணாகாமல் இரண்டு இடங்களாகின்றன.

இரண்டாவது காரணமே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1865இல் வந்த வில்லியம் ஸ்லோன் என்னும் சமய ஊழியர் அங்கே பிரதரன் என்னும் கிறிஸ்தவச் சபையை வேரூன்றச் செய்தார்; அரசு சார்ந்த லூத்தரன் திருச்சபைக்கு வெளியே, இன்றும் அச்சபைக்கு அத்தீவுகளில் கணிசமான செல்வாக்கு உண்டு. வாரந்தோறும் கூடிப் பழகிய மக்களைக் கட்சி புதிதாகத் திரட்ட வேண்டியதில்லை. டென்மார்க் 1973இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திய பிறகும், 1956ஆம் ஆண்டின் கடுமையான சட்டமே ஃபாரோவில் நெடுங்காலம் நீடித்ததை எண்ணிப் பார்த்தால், இக்கட்சி காற்றில் முளைத்ததன்று என்பது விளங்கும்.

மறுமொழி 2 (நகரி வழக்கறிஞர்):

ஆசிரியர் சொன்ன முதல் காரணத்தை எங்கள் ஆந்திர அனுபவம் மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. சிரஞ்சீவி தொடங்கிய பிரஜா ராஜ்ஜியம் 2009இல் ஏறத்தாழ பதினாறு விழுக்காடு வாக்குகளைப் பெற்றும், 294 இடங்களில் 18ஐ மட்டுமே வென்றது; அடுத்த சில ஆண்டுகளுக்குள் காங்கிரசில் இணைந்தும் விட்டது. தொகுதிக்கு ஒருவர் என்னும் நம் முறையில், ஓரிடத்தில் செறிந்து வாழாத சமூகம் எத்தனை உறுதியோடு வாக்களித்தாலும் அவைக்குள் நுழைவது கடினம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். ஃபாரோவில் ஒருபாலினத்தவர் திருமணச் சட்டம் 2016 ஏப்ரலில் 19க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த பதினால்வரில் மையக் கட்சியினர் இருவர்தாம். எஞ்சியோர் பிற கட்சியினர். அதாவது மரபுச் சார்பு அங்கே ஒரு கட்சியின் தனியுடைமையன்று. பெரிய கட்சிகள் அக்கொள்கையில் பிளவுபட்டு நிற்க, இவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அந்த இரண்டு இடங்களைத் தொடர்ந்து காக்கிறது என்பது என் கருத்து. ஐஸ்லாந்தின் பெண் பிரதமர் யோஹன்னா சிகுர்தார்தோத்திர் 2010இல் தம் மனைவியுடன் ஃபாரோவுக்கு வந்தபோது, யெனிஸ் அவ் ரானா விருந்துக்கு வர மறுத்தது வெளிநாடுகளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. விருந்தினரின் மதிப்பைக் குறைக்கும் அச்செயலை நான் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய வாக்காளர்கள் அடுத்த ஆண்டே அவர் கட்சிக்கு இரண்டு இடங்களைத் தந்தார்கள்.

மறுமொழி 3 (வேலந்தாவளம் வாசகர்):

அமைச்சர் பதவி கிடைத்ததற்கு வெறும் கூட்டல் கணக்கே போதுமான விளக்கம். 2019இல் கூட்டணி அமைத்தவற்றில் மக்கள் கட்சிக்கு 8, ஒன்றியக் கட்சிக்கு 7, மையக் கட்சிக்கு 2, ஆக 17. பெரும்பான்மைக்குத் தேவையானதும் 17தான். கேரளத்தில் 2011இல் 140க்கு 72 என்ற நிலையில் உம்மன் சாண்டி ஆட்சி அமைத்தபோது, ஒரே உறுப்பினர் கொண்ட கேரள காங்கிரஸ் பிரிவுகளுக்கும் அமைச்சர் பதவி கிடைத்ததை நாம் நேரில் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்தக் கணக்கு இருமுனைக் கத்தி. ஃபாரோ பிரதமர் பார்டுர் நீல்சன் 2022 நவம்பரில் யெனிஸ் அவ் ரானாவைப் பதவி நீக்கியதும் பெரும்பான்மை கலைந்தது; டிசம்பர் 8இல் முன்கூட்டியே தேர்தல் நடந்தது. அதிலும் மையக் கட்சி தன் இரண்டு இடங்களைத் தக்கவைத்துக்கொண்டது. எனினும் சமூக ஜனநாயகக் கட்சி 9, குடியரசுக் கட்சி 6, முன்னேற்றக் கட்சி 3 எனப் பதினெட்டுப் பேருடன் புதிய ஆட்சி அமைந்ததால், அந்த இரண்டு இடங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

கேட்டவரின் குறிப்பு:

மூவருக்கும் நன்றி. அவையில் இடம் பெறுவதும் ஆட்சியில் பங்கு பெறுவதும் வெவ்வேறு என்பதைக் கலந்துரையாடலில் முதலில் வைக்கப்போகிறேன். முன்னதற்கு விகிதாசார முறை வழி செய்கிறது. பின்னது மற்ற கட்சிகள் எத்தனை இடங்களில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. மொழிச் சிறுபான்மையினர் கோர வேண்டியது முன்னதையே என்று நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் இங்கேயே எழுதினால், அதையும் கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.