பாலு செத்துவிட்டது என்று நினைத்திருந்தவர்கள் இங்கே வாருங்கள்

கொக்குவிலான்

போன சனிக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்டோம். சுவரில் வெள்ளை வேட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர். 2016இல் வந்த ஜங்கிள் புக், தமிழ் பேசுகிற பிரதி. பிள்ளைகளுக்கென்று போட்ட கதிரைகளைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பாய்தான் மிஞ்சியது.

படம் முடிந்ததும், பழைய கோட்டுப் படம் நல்லதா, இது நல்லதா என்று வாசலில் இரண்டு கட்சி. என்னிடம் முதலில் வந்தவர் ஒரு அம்மம்மா. "கார்ட்டூன் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து உண்மைப் படத்தைப் போட்டிட்டியே தம்பி" என்று கோபம். இல்லை அம்மம்மா, மௌக்லியாக வருகிற அந்தப் பெடியனைத் தவிரக் கிட்டத்தட்ட எல்லாமே கம்ப்யூட்டர், லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கட்டடத்துக்குள் வைத்து எடுத்தது என்றேன். கொஞ்சம் யோசித்தா. "அப்ப பெடியன் ஆரோட கதைச்சவன்?" பொம்மைகளைக் கையில் பிடித்தபடி ஆட்கள் முன்னால் நின்று கொடுப்பார்களாம், அதைப் பார்த்துத்தான் பேசினானாம் என்று சொன்னேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டா. இந்தப் படத்துக்கு ஒஸ்கார் கொடுத்தவர்களுக்குக்கூட இந்தக் கேள்வி வந்திருக்குமோ தெரியாது.

இன்னொன்று. ஷேர்கான் முதன்முதல் வரும் இடத்தில் பாயில் இருந்த ஒரு வாண்டு, "அம்மா, புலி வந்திட்டுது!" என்று கத்தினான். பின்னால் கதிரைகளில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு யாரோ இருமினார்கள், பெரியவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்ன சிரிப்பு என்று பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், படம் நல்லது, பாட்டுத்தான் ஒட்டவில்லை. 1967இல் வந்த பழைய ஜங்கிள் புக் கோட்டுப் படத்தில் கரடி முதுகைச் சொறிந்துகொண்டு ஆடும்போது நமக்கு ஒரு கேள்வியும் வராது. இதில் மயிர் ஒவ்வொன்றும் நனைந்து ஒட்டியிருக்கிற அசல் கரடி ஒன்று பாடத் தொடங்கினால், வாயைத்தான் பார்க்கிறோம்.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? சொல்லுங்கள்.

நெல்லியடி அக்கா

நான் பழைய படத்தின் ஆள். 93 அல்லது 94ஆக இருக்கும். கரண்ட் இல்லாத காலம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுச் சாமத்தியச் சடங்கு முடிந்து, ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் இரவுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெரிய ஆட்களின் படங்களுக்கு முன் சின்ன ஆட்களுக்கு என்று ஒரு கொப்பி. எப்படி ஊருக்குள் வந்ததோ தெரியாது. முழுக்க ஆங்கிலம்.

எங்களுக்கு ஒரு சொல் விளங்காது. பெரியம்மாவின் மூத்த மகன் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தார், அவர்தான் ரிவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கதை சொன்னார். கருஞ்சிறுத்தை பள்ளிக்கூட அதிபர். கரடி, கொழும்பில் வேலையை விட்டுவிட்டு வந்த மாமா, பெயர் பாலு. அந்தப் பெயரில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் இருந்ததால் நாங்கள் அப்படியே நம்பினோம். யானைகள் வரிசையாக அணிநடை போட்டு வருமே, அந்த இடத்தில் அண்ணை குரலைத் தாழ்த்தி, "ஆமி றோந்து வருது, படுங்கோ" என்றார். பதினைந்து பிள்ளைகளும் பாயில் குப்புறப் படுத்தோம். நான் நிமிர்ந்தபோது யானைகள் போய்விட்டன.

கடைசியில் புலியோடு சண்டை. கரடி விழுந்து கிடக்கிறது. சிறுத்தை பக்கத்தில் நின்று என்னவோ சொல்கிறது. அண்ணை, "மாமா போயிட்டார், அதிபர் இரங்கலுரை வாசிக்கிறார்" என்றார். அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பெட்ரோல் கொஞ்சம் விட்டு மறுபடி இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதற்குள் பெரிய ஆட்கள் அவர்களுடைய கொப்பியைப் போட்டுவிட்டார்கள்.

இருபது வருசத்துக்கு மேல் பாலு செத்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுப் படத்தை மகனோடு பார்த்தபோது லேஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சண்டை வந்தது, முடிந்தது, கரடி எழும்பி நடந்து போகிறது. என்னடா இது, மாத்திப்போட்டாங்கள் என்றேன். மகன் போனில் பார்த்துவிட்டு, "பழசிலயும் சாகேல்ல அம்மா, மயங்கித்தான் கிடக்கும், பேந்து எழும்பும்" என்றான். எனக்கு வந்த ஏமாற்றத்தை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

யானைகளும் மாறிவிட்டன. புதுப் படத்தில் காட்டை உண்டாக்கியதே அவைதான் என்று சொல்லி, வரும்போது எல்லா மிருகங்களும் தலை குனிகின்றன. அழகான இடம், மறுக்க மாட்டேன். எனக்கு என்னவோ குப்புறப் படுக்கத்தான் மனம் வந்தது.

அண்ணை இப்போது நோர்வேயில். கேட்டால், "நான் சரியாத்தான் மொழிபெயர்த்தனான்" என்கிறார்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

புகாருக்குள் அந்தப் பெரிய பாம்பு கதை சொல்லிக்கொண்டே பெடியனைச் சுற்றும் இடம். என் சின்னவளுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் ஹோஸைச் சுருட்டி உள்ளே வைத்தால்தான் முற்றத்தில் இறங்குவாள். பெரியவன் நாலு தரம் பார்த்துவிட்டான். ஒரே வீடு, ஒரே படம். சின்னப் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று எனக்குச் சொன்ன நண்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வவுனிக்குளம், இப்போது கோண்டாவில்

நான் அப்பாவோடு பார்த்தேன். அப்பா காட்டோரத்திலேயே வயது போனவர். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் காடு என்றால் படத்தில் வருவது, அவருக்கு வளவின் பின் வேலி.

அப்பாவோடு தேன் எடுக்கப் போகும் ஒருவர் இருந்தார். பாலைப்பழக் காலத்தில் கரடி குறுக்கே வந்துவிட்டது. கரடி எழுந்து நின்று முகத்தைத்தான் பிடிக்கும். ஆள் தப்பினார், ஆனால் அதற்குப் பிறகு தோளில் இருந்த துவாய் எப்போதும் ஒரு பக்கக் கன்னத்தை மூடித்தான் இருக்கும். எங்களுக்குச் சோறு தீத்தும்போது சிறுத்தை வருது என்று யாரும் வெருட்டியதில்லை. கரடி வருது என்றுதான்.

படத்தில் பெடியன் மலையில் தொங்கித் தேன் எடுக்க, கரடி கீழே நின்று இதை எடு, அதை எடு என்று வேலை வாங்குகிறது. அப்பா எழும்பிவிட்டார். "தேனுக்கு ஏறினவனைப் பாத்துக்கொண்டு நிக்கிற கரடியை நான் காணேல்ல" என்று சொல்லி வெற்றிலை எடுக்கப் போனார். நாங்கள் எல்லோரும் சிரிக்கிற இடம் அது.

ஆனால் அவர் மெச்சிய ஒரு இடம் உண்டு. வறட்சியில் எல்லா மிருகங்களும் ஒரே தண்ணீருக்கு வருகின்றன, அங்கே ஒன்றையொன்று பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம். "இப்பிடி ஒப்பந்தம் ஒண்டும் இல்லை. ஆனா குளம் வத்தினா எல்லாம் ஒரு கரைக்கு வரும், அது உண்மை" என்றார். அன்று படத்துக்கு அவர் கொடுத்த புள்ளி அதுதான்.

இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர்

உங்கள் அப்பா மெச்சிய தண்ணீர் ஒப்பந்தம் 1967 படத்தில் இல்லை. மூலக் கதையை எழுதிய கிப்ளிங்கின், 1895இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே பழையதுதான் அசல், புதியது கெடுத்துவிட்டது என்று சண்டை பிடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1894இல் வந்த முதல் புத்தகத்தில் அந்தப் பாம்பு மௌக்லியின் பக்கம், குரங்குகளிடமிருந்து அவனை மீட்க வருவதே அதுதான். பாட்டுப் பாடும் குரங்கு ராசா கிப்ளிங்கிடம் இல்லவே இல்லை, 1967இல் புகுந்தவர். இந்தியக் காட்டில் ஒராங்குட்டான் ஏது என்று யோசித்து, புதுப் படத்தில் அவரை அழிந்துபோன ஒரு இராட்சதக் குரங்கினமாக மாற்றினார்கள். பழைய பிழையைத் திருத்தப் பெரிய உருவமாகச் செய்து, கடைசியில் அதையும் பாட விட்டார்கள். அங்கேதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

முடிவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? பழையதில் குடத்தோடு தண்ணீருக்கு வந்த சிறுமியின் பின்னால் பெடியன் ஊருக்குள் போய்விடுகிறான். புதியதில் காட்டிலேயே நின்றுவிடுகிறான். என் வீட்டில் இதற்காக இரண்டு நாள் பேச்சில்லை. நான் ஊர்க் கட்சி.

கொக்குவிலான்

சேர், எங்கள் வாசலிலும் அதுதான் சண்டை. மகன் கனடாவில் இருக்கிற ஒரு மாமி, "போகாமல் நிண்டது நல்லது" என்று சொல்லிவிட்டு வேறு ஒன்றும் பேசவில்லை. அதோடு சண்டையும் முடிந்துவிட்டது.

நெல்லியடி அக்கா, வருகிற சனி மாலை ஆறரைக்குப் பழைய கோட்டுப் படத்தைப் போடுகிறோம். அம்மம்மாவின் உத்தரவு. உங்களுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை. கடைசிப் பத்து நிமிடத்துக்கு நான் பொறுப்பு. நோர்வே அண்ணையை மட்டும் போனில் எடுக்க வேண்டாம். கரண்ட் போனால் பக்கத்துக் கடையில் ஜெனரேற்றர் கேட்டு வைத்திருக்கிறேன், எண்ணெயும் நிரப்பியாயிற்று.