“வலிக்கிறதா?” என்று கேட்டேன்: கல்லூரிக் கூடைப்பந்து அனுபவங்கள்

பழைய கோச், கோவை

பத்து வருடமாக ஒரு காலுறை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். கடைசிக் குவார்ட்டரில் நான்கு நிமிடம் மீதி, மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எம்பிய என் பாயிண்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை முன்னின்று நடத்தும் பையன், எதிரணிப் பையனின் ஷூ மேல் இறங்கினான். பாதம் உள்பக்கம் மடிந்ததை பெஞ்சில் இருந்தே பார்த்தேன். டைம் அவுட் கேட்டேன். ஷூவைக் கழற்றாமல் அதன் மேலேயே கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டே, “வலிக்கிறதா?” என்றேன். “இல்லை சார்” என்றான். எனக்கு வேண்டிய பதில் அதுதான், நம்பினேன். இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டான், ஒரு பந்தைப் பறித்தான். ஜெயித்தோம்.

கோப்பையோடு படம் எடுத்த பிறகு பார்த்தால் ஷூ கழலவில்லை. லேஸைக் கத்தரித்தோம். காலுறையை உருட்டி எடுத்தபோது அதன் எலாஸ்டிக், வீங்கிய சதையில் வளையமாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே முழுக்கக் கத்தரிக்காய் நிறம். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். அடுத்த மாதம் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அவனால் போக முடியவில்லை. அந்த அணியில் ஆடிய சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று அவன் வீடே காத்திருந்தது.

அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிப் பயிற்சியாளர் ஜான் வுடன், 1964 முதல் 1975 வரை 12 பருவங்களில் 10 தேசியப் பட்டம் வென்றவர். பருவத்தின் முதல் நாளில் காலுறையைச் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட்டக்காரரால் ஆட முடியாது என்பது அவர் கணக்கு. இதை நான் என் பையன்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு திருமண மண்டபத்தில் அவனைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். “சார், அந்தக் கோப்பை இன்னும் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறதா?” என்றான். எனக்குப் பேச வாய் வரவில்லை.

இடதுகை, தேனி

கோச் சார் மனம் நோக வேண்டாம், ஆனால் சொல்லியே தீர வேண்டும். வலியை மறைக்கிற பிள்ளையை “உறுதியானவன்” என்று தட்டிக்கொடுத்தே வளர்த்துவிட்டீர்கள். அவன் வேறு என்ன பதில் சொல்வான்?

பெரியகுளம் அகில இந்தியப் போட்டியை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். கல்லூரியில் எங்கள் பயிற்சியாளர் மேடம் கத்தவே மாட்டார். அரையிறுதியில் யாருமே தடுக்காத ஒரு லேஅப்பை, வளையத்துக்குப் பக்கத்திலிருந்து போடும் சுலபமான பந்தை, தவறவிட்டேன். தலையில் கைவைத்து வளையத்துக்குக் கீழேயே நின்றுவிட்டேன். நான் தடுக்க வேண்டிய எதிரணிப் பெண் தனியாக ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தாள். மேடம் என்னை வெளியே எடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “தவறவிட்டதற்காக எடுக்கவில்லை. நின்றாயே, அதற்காக எடுத்தேன்” என்றார். இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்.

தவறியதும் நிற்காமல் திரும்பி ஓடுவதுதான் உறுதி. இன்றும் அலுவலகத்தில் ஏதாவது தவறினால் கை தலைக்குத்தான் போகிறது. உடனே அவர் குரல் கேட்கிறது. அவர் மாற்றலாகிப் போவதற்குள் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

வர்ஜீனியாவில் படித்தவன்

2018 மார்ச் 16. எங்கள் வர்ஜீனியா அணி முதல் தரவரிசை, எதிரில் கடைசியான 16ஆம் தரவரிசையில் யுஎம்பிசி பல்கலைக்கழக அணி. அமெரிக்கக் கல்லூரி ஆடவர் தேசியப் போட்டியில் அதுவரை முதல் தரவரிசை அணிக்கும் 16ஆம் தரவரிசை அணிக்கும் இடையே 135 ஆட்டம் நடந்து, 135லும் சிறிய அணிதான் தோற்றிருந்தது. இடைவேளையில் 21-21. முடிவில் 74-54, தோற்றது நாங்கள். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம், ஒருவரும் தொலைக்காட்சியை அணைக்க எழவில்லை.

என்னை உறுத்துவது தோல்வியில்லை. எங்கள் ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு எலும்பு முறிந்து அன்று ஆடவில்லை. “ஊசி போட்டாவது அவனை இறக்கியிருக்க வேண்டும்” என்று கத்தியது நான். பயிற்சியாளர் டோனி பென்னட் அந்த முறிவைச் சாக்காகப் பிடித்துக்கொள்ளாமல், எதிரணியைப் பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அதே ஹண்டர் 27 புள்ளி எடுத்தார். டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்றோம். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தபோது எனக்கு நான் கத்தியதுதான் நினைவுக்கு வந்தது.

பிசியோ, திருச்சி

தேனிச் சகோதரி கோச்சை மட்டும் குறை சொல்வது சரியில்லை. என்னிடம் ஒரு மாணவியை மூன்று வாரம் எண்ணெய்க் கட்டுப் போட்டுவிட்டு அழைத்துவந்தார்கள். “சுளுக்குத்தானே” என்றார் அவள் அம்மா. எக்ஸ்ரேயில் முறிவு. அவள் அம்மாவின் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடிபட்ட உடனேயும் அதன் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரண்டு பக்க மொட்டு எலும்பிலும் பின் விளிம்பை விரலால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தாலும் எக்ஸ்ரேதான். முதல் சில நாட்கள் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள். வீக்கம் வடிந்துவிட்டால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஒற்றைக் காலில் நின்று, வலியில்லாமல் குதித்து, நிலைதடுமாறாமல் இறங்க முடிகிற வரை களத்துக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பிறகும் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி பல வாரம் தொடர வேண்டும், ஆட்டத்தில் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் வேண்டும். ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகுவது சுலபம். கடைசியாக ஒன்று: வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், குதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய கோச், கோவை

தேனித் தங்கை சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. நேற்று கல்லூரிக்குப் போனேன். கோப்பை அலமாரியில் இல்லை. படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையில், பழைய வலைகளுக்கு நடுவில், ஒரு கைப்பிடி போய்க் கிடந்தது. துடைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டான்.

அன்று வலித்ததா என்று கேட்டேன்.

“வலித்தது சார். நீங்கள் பேண்டேஜைச் சுற்றி முடித்துவிட்டுத்தானே கேட்டீர்கள்?” என்றான்.