லீட்ஸில் மீனும் சிப்ஸும்: எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள்?

கொக்குவில் சின்னம்மா

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகன் வருகிற செப்டெம்பரில் லீட்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போகிறான். எங்கள் வீட்டில் மீன், நண்டு, கணவாய் எல்லாம் உண்டு. ஆடும் கோழியும் உண்டு. மாட்டிறைச்சி மட்டும் தலைமுறை தலைமுறையாகப் படலை தாண்டி உள்ளே வந்ததில்லை. வெள்ளிக்கிழமையிலும் விரத நாட்களிலும் மரக்கறிச் சமையல்தான்.

"சமைக்க நேரமில்லாத நாட்களில் மீனும் சிப்ஸும் வாங்கிச் சாப்பிடு, மீன்தானே, பயமில்லை" என்று நானே பெறாமகனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். போன கிழமை லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் மைத்துனியோடு பேசியபோது, இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் மீனை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எடின்பரோவில் இருக்கும் என் தம்பியோ, ஸ்கொட்லாந்தில் அந்தப் பழக்கமே இல்லையென்றும், அங்கே சிப்ஸின் மேல் ஏதோ கபில நிறச் சோஸ் ஊற்றுவார்கள் என்றும் சொல்கிறான். ஒரே நாட்டின் ஒரே சாப்பாட்டைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொன்னால் நான் எதைக் கேட்பது? ஊருக்கு ஊர் உண்மையில் என்னதான் மாறுகிறது? வெள்ளிக்கிழமையில் சிப்ஸையாவது அவன் சாப்பிடலாமா? அங்கேயே வாழ்பவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

தாச்சிக்காரன்

வணக்கம் அக்கா. லீட்ஸுக்கு அருகே ஒரு சிறுபட்டணத்துக் கடையில் ஒன்பது ஆண்டுகள் மீன் பொரித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மைத்துனி சொன்னது மெய். லீட்ஸ் இருக்கும் யோர்க்ஷயர் பகுதியின் பழைய கடைகளிற் பல இன்றும் மாட்டுக்கொழுப்பிலேதான் பொரிக்கின்றன. அதை அவர்கள் மறைப்பதுமில்லை; கடைக் கண்ணாடியில் பெருமையாகவே எழுதி வைப்பார்கள். "பீஃப் டிரிப்பிங்" என்ற இரண்டு சொற்களையும் பிள்ளைக்கு இப்போதே பாடமாக்கிவிடுங்கள். அது வெள்ளைக் கட்டியாகப் பெட்டியில் வரும். கடை திறக்குமுன் அதைத் தொட்டியில் இட்டு உருக்குவது என் வேலை. அதிற் பொரித்தால்தான் மேல்மா மொறுமொறுப்பாகும், சிப்ஸுக்கும் ஒரு மணம் ஏறும் என்பது அவ்வூராரின் அசைக்க முடியாத நம்பிக்கை. ருசித்துப் பார்த்துச் சொல்ல என்னால் இயலாது, ஏனென்றால் ஒன்பது ஆண்டும் நான் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போனவன்.

தெற்கே போகப் போகத் தாவர எண்ணெய்தான் அதிகம். ஆனாலும் பிள்ளை அதற்காக லண்டனுக்கு ஓட வேண்டியதில்லை. லீட்ஸிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பிராட்போர்டில் முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழ்வதால், தாவர எண்ணெயிற் பொரிக்கும் கடைகளை அங்கே எளிதாகக் காணலாம். லீட்ஸிலும் தேடினால் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: நம் பிள்ளைகளிற் சிலர் "ஹலால்" என்ற பலகையைப் பார்த்தவுடன் மாடு இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ஹலால் மாடும் உண்டு. பலகையை நம்பாமல், எதிற் பொரிக்கிறீர்கள் என்று வாயைத் திறந்து கேட்பதே சரி. அங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மீனும் மாறும். லண்டனில் கேளாமற் கொடுத்தால் அது பெரும்பாலும் கொட். யோர்க்ஷயரிலும் ஸ்கொட்லாந்திலும் ஹடொக். கொட் தடித்த மீன், சதை பெரிய இதழ்களாகப் பிரியும். ஹடொக் சற்று மெல்லியது, சிறிது இனிப்பானது. யோர்க்ஷயரில் ஹடொக்கின் தோலை உரித்துவிட்டே பொரிப்பது வழக்கம். இரண்டிலும் நம் பாரை, விளைமீனின் வாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

"ஃபிஷ்கேக்" என்று கேட்டால் வேறிடங்களில் மீனையும் மசித்த கிழங்கையும் சேர்த்து உருட்டிய ஒன்று வரும், ஏறக்குறைய நம் மீன் கட்லட் போல. யோர்க்ஷயரிலோ இரண்டு உருளைக்கிழங்கு வட்டங்களுக்கு நடுவே மீன்துண்டை வைத்து, கரைத்த மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். சுடச்சுட அதைப் பணிசுக்குள் வைத்துக் கொடுப்பதும் உண்டு. அந்தப் பணிசுக்கு லீட்ஸில் ஒரு பெயர், மன்செஸ்டரில் இன்னொரு பெயர், நொட்டிங்ஹாமில் வேறொரு பெயர். பெயரை மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் தருவார்கள். தொட்டியில் மிதக்கும் மாத்துணுக்குகளை அள்ளி "ஸ்கிராப்ஸ்" என்று இலவசமாகப் போடுவதும் யோர்க்ஷயர் வழக்கம். பூந்திச் சட்டியின் அடியில் கிடக்கும் தூளுக்குச் சிறுவர்கள் அடிபடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலும் நடுநாட்டிலும் பக்கத்தில் பச்சையாக மசிந்த பட்டாணி வரும். பெரிய காய்ந்த பட்டாணியை அப்பச்சோடா கலந்த நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, கரையும்வரை அவிப்பது அது. நொட்டிங்ஹாமில் அதன்மேல் புதினாச் சோஸ் விட்டு உண்பார்கள். நல்லூர்த் திருவிழாவில் நாம் கடலை வாங்குவதுபோல, அந்நகரின் கூஸ் ஃபெயர் சந்தையில் அதை வாங்காமற் திரும்புவோர் குறைவு. ஹல் நகரில் சிப்ஸின் மேல் உப்பும் பப்ரிக்காவும் கலந்த செந்தூள் தூவுவார்கள். உறைப்பு அவ்வளவு இல்லையென்றாலும், மிளகாய்த்தூளை நினைத்து ஏங்கும் ஒருவருக்கு அது ஓரளவு ஆறுதல்.

ஊர்காவற்றுறையான்

அக்காவுக்கு வணக்கம். தாச்சிக்காரத் தம்பி தெற்கைப் பற்றி அதிகம் எழுதாததால் நான் எழுதுகிறேன். கிழக்கு லண்டனில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே விலைப்பலகையில் "ரொக் சமன்" என்றிருப்பதைப் பார்த்து, சமன் மீன் இவ்வளவு மலிவா என்று வந்த புதிதில் நான் வாங்கினேன். ஒரு கடி கடித்ததும் தெரிந்துவிட்டது: நடுவில் ஒற்றைக் குருத்தெலும்பு, வேறு முள்ளே இல்லை. அது சுறா! சிறிய சுறா வகையொன்றைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பாற்சுறா வறுத்துக் கொடுக்கும் நமக்கு அது ஒரு குறையன்று. ஆனால் மஞ்சளும் தேங்காய்ப்பூவும் காணாத சுறாவை மாவில் தோய்த்துத் தின்பதற்கு மனம் பழக நாள் எடுத்தது.

கடையின் தோற்றத்தைப் பற்றியும் வடக்குக்கும் தெற்குக்கும் வழக்குண்டு. 1860 அளவில் ஜோசப் மாலின் என்ற யூதர் கிழக்கு லண்டனில் முதற்கடையைத் திறந்தார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. 1863இல் மொஸ்லி என்ற வடக்கத்திய ஊரில் ஜோன் லீஸ் தொடங்கியதே முதற்கடை என்பது அவர்கள் கதை. மாவில் தோய்த்து மீன் பொரிக்கும் முறையை ஸ்பெயின், போர்த்துக்கல் வழி வந்த யூதர்களே கொண்டுவந்தார்கள் என்பதையும், யூதர்கள் எண்ணெயிலே பொரித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாட்டுக்கொழுப்பு பின்னால் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

இன்னொன்று. சிப்ஸின் மேல் தெளிப்பதை எல்லோரும் வினாகிரி என்கிறோம். பல கடைகளில் அது நொதிக்கவைத்த வினாகிரியே அன்று. நீரில் அசற்றிக் அமிலமும் நிறமும் கலந்த திரவம். கெடுதலில்லை, மலிவு.

லீத் துறைமுகத்தாள்

சின்னம்மா, உங்கள் தம்பியின் சோஸ் கதை சரி. கொழுப்புக் கதை முழுவதும் சரியன்று. ஸ்கொட்லாந்திலும் மாட்டுக்கொழுப்பிற் பொரிக்கும் கடைகள் உண்டு, தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு. தம்பியாரையும் இனிமேல் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எடின்பரோவில் கடைக்காரர் "சோல்ட் அன்ட் சோஸ்?" என்று கேட்பார். அந்தச் சோஸ், கபில நிறச் சோஸில் வினாகிரியோ நீரோ விட்டுத் தளர்த்தியது. கடைக்குக் கடை கலவை வேறு. ஏறத்தாழ 75 கிலோமீற்றர் மேற்கே, அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போவதைவிடச் சற்றே கூடிய தூரத்தில், கிளாஸ்கோ இருக்கிறது. அங்கே உப்பும் வினாகிரியுந்தான். சோஸ் கேட்டால் எந்த ஊரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒடியற்கூழில் புளி எவ்வளவு விடுவது என்பதில் நம் ஊர்களுக்கிடையே நடக்கும் வாக்குவாதத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

"சப்பர்" என்ற சொல் இங்கே இராச்சாப்பாட்டைக் குறிக்காது. "ஃபிஷ் சப்பர்" என்றால் சிப்ஸோடு மீன். சிப்ஸ் வேண்டாமென்றால் "சிங்கிள் ஃபிஷ்" என்று கேட்க வேண்டும். அதே பலகையில் ஹகிஸ் சப்பரும் இருக்கும். ஹகிஸ் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலால் ஆனதென்று நம்பி வாங்க வேண்டாம், அதில் மாட்டுக்கொழுப்புச் சேர்ப்பதும் உண்டு. சொக்கலேற் கட்டியை மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஸ்கொட்லாந்துக் கூத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்டோன்ஹேவன் என்ற கடலோர ஊரில் 1990களில் தொடங்கியது அது. இத்தனை ஆண்டில் அதை வாங்கிய ஸ்கொட்லாந்தவர் ஒருவரையும் நான் நேரிற் கண்டதில்லை, வாங்குவதெல்லாம் நம் ஊர் விருந்தாளிகள்தான்.

கொக்குவில் சின்னம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாட்டுக்கொழுப்பு விடயம் விளங்கிவிட்டது; பிள்ளையும் குறித்துக்கொண்டான். தாச்சிக்காரத் தம்பி, என் வெள்ளிக்கிழமைக் கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் தரவில்லையே?

தாச்சிக்காரன்

மன்னிக்கவும் அக்கா. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவர்கள் வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விலக்கிய பழைய வழக்கத்தால், மீன்கடைகளில் கூட்டம் நெரிவது அன்றுதான். நமக்கு மச்சம் விலக்கான நாள், அவர்களுக்கு மீன் நாள். தாவர எண்ணெய்க் கடையிலும் பல வேளைகளில் மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸும் விழும். நெரிசலான மாலையில் தொட்டிகளைத் தனித்தனியே வைத்திருப்பார்கள் என்று நம்ப நான் துணியமாட்டேன். மேலே ஊற்றும் கிரேவியிலும் மாட்டுச்சாறு இருக்கக்கூடும். ஆகவே வெள்ளிக்கிழமையில் அந்தக் கடையை விட்டுவிடுவதே நல்லது. பட்டாணியை மட்டும் தனிக் கிண்ணத்தில் வாங்கலாம். அது பானையில் வேகுவது, தொட்டிக்குப் போவதில்லை. பாணோடு சாப்பிட்டால் வயிறு நிறையும்.