குடல்சூழ் கொழுப்பும் இரத்தக் கொழுமியமும்: கையேட்டுக்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இதய நோயாளிகளுக்கான கையேட்டில், வயிற்றறைக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பைக் குறிக்க ‘உள்ளுறுப்புக் கொழுப்பு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஈரலுக்கு உள்ளேயே கொழுப்பு படிவது வேறொரு நிலை. இந்தச் சொல்லைப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். ‘குடல்சூழ் கொழுப்பு’ என்றால் அது இருக்கும் இடம் சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. தோலுக்கு அடியில் இருப்பதற்குத் ‘தோலடிக் கொழுப்பு’ போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘கொழுப்பு’ என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பதுதான். வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களிடம் பேசினால், “கொழுப்பு நார்மல்னு ரிப்போர்ட்ல வந்துடுச்சு சார்” என்று நிம்மதியோடு சொல்வார்கள். அவர்கள் பார்த்தது ‘கெட்ட கொலஸ்டிரால்’ எனப்படும் எல்டிஎல் கொலஸ்டிராலை. ஸ்டேடின் மாத்திரை அதைக் குறைத்திருக்கும். அதே தாளில் இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 150க்கு மேலேயும், ‘நல்ல கொலஸ்டிரால்’ எனப்படும் எச்டிஎல் ஆண்களுக்குரிய 40க்குக் கீழேயும் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. முன்தள்ளிய வயிற்றுக்கும் அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள உறவைத்தான் கையேடு சொல்ல வேண்டும்.

குடல்சூழ் கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாக நேரே ஈரலை அடைகின்றன. ஈரல் அவற்றைக் கொண்டு ட்ரைகிளிசரைடு மிகுந்த விஎல்டிஎல் துகள்களைக் கூடுதலாக உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. அந்தத் துகள்கள் தம்மிடமுள்ள ட்ரைகிளிசரைடை, கொலஸ்டிராலைச் சுமக்கும் எச்டிஎல், எல்டிஎல் துகள்களுக்குக் கொடுத்துவிட்டு அவற்றின் கொலஸ்டிராலை வாங்கிக்கொள்வதால், எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் துகள்களோ சிறுத்து அடர்த்தியாகின்றன. ஒவ்வொரு துகளிலும் கொலஸ்டிரால் குறைவாக இருப்பதால், துகள்களின் எண்ணிக்கை மிகுந்திருந்தும் எல்டிஎல் கொலஸ்டிரால் அளவு அச்சமூட்டாத எண்ணாகவே தெரியலாம். துகளுக்கு ஒன்றாக அமைந்த அப்போபி புரதத்தை அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

இவ்வளவையும் ‘கொழுப்பு’ என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியிலேயே குழம்பிவிடும். எனவே உடலில் சேமிப்பாகப் படிந்திருப்பதை மட்டும் கொழுப்பு என்றும், இரத்தத்தில் ஓடுவதைக் (lipid) ‘கொழுமியம்’ என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வும், மாரடைப்புக்கான ஒன்பது காரணிகளில் வயிற்றுப் பருமனையும் இரத்தக் கொழுமியக் கோளாற்றையும் தனித்தனியாகவே வைத்தது. கொழுமியம் பழகாத சொல்தான். என்றாலும் கொலஸ்டிராலைப் பழகிக்கொண்ட மக்களுக்கு இது எட்டாததாக இருக்காது.

‘இடுப்புச் சுற்றளவு’ என்பதையும் மாற்ற வேண்டும். நம் பக்கத்து ஆண்களுக்கு இடுப்பு என்பது லுங்கி கட்டும் இடம். தொப்பை சரிந்தவர் அதற்குக் கீழேதான் கட்டுகிறார். அங்கே நாடாவை வைத்தால் அளவு பல அங்குலம் குறைந்து, பேன்ட் சைஸைப் போலவே பொய்யான தைரியத்தைத் தரும். அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில். ஆகவே ‘வயிற்றுச் சுற்றளவு’ என்றே எழுதுவோம். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லை அந்த இடத்து அளவுக்கு உரியது.

நோய் அபாயத்தைக் காட்டும் இத்தகைய அளவுகளைச் (marker) ‘சுட்டி’ என்பதா ‘குறிகாட்டி’ என்பதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, குறிகாட்டி தெளிவாக இருக்கிறது.

இச்சொற்களை வைத்துக் கையேட்டின் முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: “வயிற்றுச் சுற்றளவு கூடியிருந்தால் குடல்சூழ் கொழுப்பு கூடியிருக்க வாய்ப்புண்டு; ஆகவே எல்டிஎல் சரியாக இருந்தாலும் மற்றக் கொழுமியக் குறிகாட்டிகளையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.” திருத்தம் இருந்தால் இந்த வரியிலேயே செய்து அனுப்புங்கள்.